புள்ளி விழுந்த பெட்டை

கூடையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. கீழே வைத்தால் ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாம் மிதிப்பான். காலியாகத்தானே இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை காலையில் காலிக் கூடையோடு நத்தம் பஸ்ஸில் ஏறி மேட்டுக்கடைக்கு டிக்கெட் கேட்கிறவர் எதற்குப் போகிறார் என்று எனக்குத் தெரியாதா? கிளிமூக்குக் கோழிக்குத்தான். ஃபோனில் படம் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளேரென்று ஒரு சேவல், கிளிக்கு இருக்கிற மாதிரி வளைந்த அலகு, தரையைக் கூட்டுகிற மாதிரி வால். பார்த்தீர்களா இல்லையா? நான் சொன்னேனே.

இல்லை தம்பி, நான் வியாபாரி இல்லை, தரகனும் இல்லை. வாங்காதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். அந்த வீட்டுச் சேவல் எந்த வீட்டுச் சேவல் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள், அவ்வளவுதான். அது என் சேவல்.

என் சேவல் என்றால் அதன் அப்பன், அப்பனுக்கு அப்பன், எல்லாம் என் கூண்டில் பொரித்தவை. என் பெயர் சவடமுத்து. திண்டுக்கல் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கினவன். இந்தத் தோள் இப்படி இறங்கியிருக்கிறதே, அது மூட்டை இறக்கினது. படிப்பு என்று ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர் பெயர் படிப்பேன். ஆனால் ஒரு குஞ்சைக் கையில் கொடுத்தால் அது வளர்ந்து எப்படி நிற்கும் என்று சொல்லிவிடுவேன். வெள்ளைக் கிளிமூக்கு என்றால் சவடமுத்துதான் என்று ஒரு காலத்தில் சேலத்திலிருந்து ஆள் தேடிக்கொண்டு வருவான். இப்போது மேட்டுக்கடைக்குப் போகிறான். என் வீட்டைத் தாண்டித்தான் போகிறான்.

வண்டி எடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. டிரைவர் வடை தின்றுகொண்டிருக்கிறான். அவசரப்பட மாட்டான், நான் பார்த்திருக்கிறேன்.

இது சண்டைக்கு விடுகிற சாதி இல்லை தம்பி. அழகுக்கு வளர்ப்பது. கீரி நிறம், மயில் நிறம், காக்கை நிறம் என்று ஊரெல்லாம் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு இறகு நிறம் மாறினால் யாருக்குத் தெரியும்? வெள்ளையில் முடியாது. ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தாலும் சோற்றில் எறும்பு மாதிரி தெரியும். அதனால்தான் வெள்ளையை யாரும் தொட மாட்டான். நான் தொட்டேன். முப்பது வருஷமாக வெள்ளைதான். குஞ்சு இறகு மாற்றுகிற வயதில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். கழுத்தில், இறக்கை மடிப்பில், வாலடியில் எங்கேயாவது ஒரு புள்ளி இருந்தால் அன்றைக்கே குழம்பு. சேவலானாலும் சரி, பெட்டையானாலும் சரி. அதிலும் பெட்டை என்றால் யோசிக்கவே மாட்டேன். பெட்டையில் என்ன இருக்கிறது? விதை நெல் சேவல். பெட்டை வெறும் வயல். எந்த வயலில் போட்டாலும் நெல் நெல்தானே?

இதைச் சொன்னால் என் வீட்டுக்காரி பவுன்தாய், "உவர் நிலத்துல கொண்டுபோய்ப் போட்டுப் பாரேன், நெல்லு விளையுதா புல்லு விளையுதான்னு" என்பாள். அவளுக்கு என்ன தெரியும்.

தொழிலை மகனுக்குத்தான் கற்றுக்கொடுத்தேன். தங்கபாண்டி என்று பெயர். பக்கத்தில் உட்காரவைத்து, விழி எப்படி முத்து மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டும், கால் எப்படி, கொண்டை எப்படி அமுங்கியிருக்க வேண்டும் என்று காட்டினேன். அவன் கொட்டாவி விடுவான். ஒரு நாள் கூண்டைத் திறந்து போட்டுவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான், இரண்டு பட்டத்துச் சேவல்களும் சண்டை போட்டு வாலைப் பிய்த்துக்கொண்டன. இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். "கோழி எப்படிப்பா இருக்கு" என்று ஃபோனில்கூடக் கேட்க மாட்டான்.

மகள் ஒருத்தி உண்டு. நாகஜோதி. அவள் கூண்டைக் கூட்டுவாள், தண்ணீர் வைப்பாள், குஞ்சுக்குக் கம்பு இடித்துப் போடுவாள். முட்டையை விளக்கில் பிடித்துப் பார்த்து இது கூமுட்டை, இது பொரிக்கும் என்று எடுத்து வைப்பாள். சீக்கு வந்தால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதைத் தவிர அவளுக்குக் கோழியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அவளைத்தான் மேட்டுக்கடையில் கொடுத்திருக்கிறேன். ஆமாம் தம்பி. நீங்கள் போகிற வீடுதான். காளீஸ்வரன் என் மருமகன்.

இப்போது என்ன முகத்தைத் திருப்புகிறீர்கள்? முழுக்கக் கேளுங்கள்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்து. மருமகன் முதல் தடவையாக வந்து உட்காரப் போகிறான், கோழி அடிக்க வேண்டும். அந்த வருஷம் பொரித்த ஈட்டில் ஒரு பெட்டை இருந்தது. உடம்பெல்லாம் வெள்ளை, கழுத்தில் மட்டும் மிளகு தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளி. விருந்துக்கென்றே அதை விட்டுவைத்திருந்தேன். கத்தியை எடுத்துக்கொண்டு கூண்டுப் பக்கம் போனால் இவள் பட்டுச்சேலையோடு பெட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"ப்பா, இத அறுக்காதீங்க. நான் கொண்டுபோறேன்."

"புள்ளி விழுந்ததடி அது. அத வச்சு என்ன செய்யப் போற?"

"சும்மா வச்சிருக்கேன்ப்பா."

"அப்ப மாப்பிள்ளைக்கு என்னத்தப் போடுறது?"

உள்ளேயிருந்து அவன் குரல் கொடுக்கிறான். "மாமா, எனக்குச் சாம்பார் போதும்."

மாமனார் வீட்டு மறுவீட்டு விருந்தில் சாம்பார் கேட்ட மருமகனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? என் பங்காளிகள் எல்லாம் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இலையில் கத்தரிக்காய் சாம்பார். "ஏன்டா சவடமுத்து, வீடு நிறையக் கோழிய வச்சுக்கிட்டு மருமகனுக்குக் கத்தரிக்காயா?" என்று பெரியப்பா மகன் கேட்டான். இன்னும் கேட்கிறான், எங்கே பார்த்தாலும் கேட்கிறான். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இவன் என்னை மட்டம் தட்ட வந்தவன் என்று.

ஆனாலும் நான் குறை வைக்கவில்லை. சீரோடு சீராக ஒரு வெள்ளைச் சேவலும் கொடுத்தேன். வலது இறக்கை கொஞ்சம் தொங்கல். மருமகனுக்கு அது போதும்.

வண்டி எடுத்துவிட்டான். ஜன்னலைக் கொஞ்சம் இழுத்துவிடுங்கள், மண் அடிக்கும். கேட்கிறதா நான் பேசுவது?

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், தை மாசம் திண்டுக்கல்லில் கண்காட்சி. பந்தல் போட்டு, வரிசையாக முளை அடித்து, சேவலைக் காலில் கயிறு கட்டி நிறுத்துவார்கள். நடுவர்கள் வந்து ஒவ்வொன்றாகத் தூக்கி, அலகைப் பிடித்துப் பார்த்து, விழியைப் பார்த்து, வாலை ஸ்கேல் வைத்து அளப்பார்கள். நான் என் சேவலைக் குளிப்பாட்டி, மஞ்சள் தொட்டு, வால் மடங்காமல் இருக்க மடியிலேயே வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். பால் மாதிரி வெள்ளை. புள்ளி என்று சொல்ல ஒரு ஊசிமுனை கிடையாது.

சேலத்துப் பக்கம் நடுவர் ஒருவர், தங்க ஃப்ரேம் கண்ணாடி. என் சேவலைத் தூக்கினார். தொடையை அமுக்கினார். வாலை விரித்தார். "நிறம் சுத்தமா இருக்குங்கய்யா. ஆனா எலும்புல பலம் இல்லையே. வால் நாலஞ்சு தலைமுறையா குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கும்போல. வெளி ரத்தம் ஒண்ணு கொடுத்துப் பாருங்க" என்றார்.

என் கூண்டுக்கு வெளி ரத்தமா? நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று அந்த ஆளுக்குத் தெரியுமா? அப்பனுக்கு மகள், மகனுக்குத் தாய், அண்ணனுக்குத் தங்கை. ஒரு சொட்டு வெளி ரத்தம் கலக்கவில்லை. மனிதர்களில் செய்தால் பாவம், கோழியில் அதுதான் சுத்தம். "உங்க வீட்டுக்குக் குடுங்க வெளி ரத்தம்" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த சேவலுக்குப் போய்விட்டார். சிரிக்கிறார் பாருங்கள். அந்தச் சிரிப்புக்காகவே அவரை நான் விட மாட்டேன்.

அப்புறம் மைக்கில் சொன்னான். வெள்ளையில் முதல் பரிசு, மேட்டுக்கடை நாகஜோதி.

நாகஜோதியா? நான் எழுந்து போய்ப் பார்த்தேன். பந்தலின் அந்தக் கோடியில் ஒரு வெள்ளைச் சேவல் நிற்கிறது. நிற்கிறதென்றால், தம்பி, எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. வால் விசிறி மாதிரி விரிந்து தரையில் கிடக்கிறது. இரும்புக் கால். முத்து விழி. முப்பது வருஷமாக நான் கண்ணை மூடினால் பார்த்த சேவல் அது. அங்கே வெயிலில் நின்றுகொண்டு இறகைக் கோதுகிறது.

எப்படி இருந்திருக்கும் எனக்கு?

திருட்டு என்று அப்போதே புரிந்துவிட்டது. தொங்கல் இறக்கைச் சேவலையும் புள்ளிப் பெட்டையையும் வைத்துக்கொண்டு இப்படி ஒரு சேவல் வருமா? வராது. அப்படியானால் என் கூண்டிலிருந்து நல்ல முட்டை போயிருக்கிறது. இல்லையென்றால் எதற்குப் பெண்டாட்டி பெயரில் நிறுத்துகிறான்? யோசித்துப் பாருங்கள். நியாயமாக வளர்த்தவன் தன் பெயரைச் சொல்லுவான். திருடினவன்தான் அடுத்தவள் பெயரைக் கொடுப்பான்.

அவன் செய்ததைக் கேளுங்கள். நடுவர் சேவலுக்குப் பக்கத்தில் நின்று, "இது எத்தனையாவது தலைமுறைம்மா, எப்படிச் சேர்த்தீங்க?" என்று கேட்கிறார். இவள் சொல்லிக்கொண்டே போகிறாள். எந்த ஈட்டில் எந்தக் குஞ்சை நிறுத்தினாள், எதை ஏன் கழித்தாள், எந்தப் பெட்டைக்கு வால் நீளம், எந்தப் பெட்டைக்குக் கால் பலம், எல்லாம். ஒப்பிக்கிறாள். அவன் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் பண்ண வைத்திருக்கிறான். அந்த நேரத்தில் அவன் எங்கே இருக்கிறான் தெரியுமா? பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஐஸ் வண்டிக்காரனிடம் சேமியா ஐஸ் வாங்கிக்கொண்டிருக்கிறான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தனக்கும் சேவலுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. எவ்வளவு பெரிய கள்ளன் பாருங்கள்.

நேராகப் போய்க் கேட்டேன். "மாப்பிள்ளை, இது எந்தக் கூண்டு முட்டை?"

"எனக்கென்ன தெரியும் மாமா, அவளைக் கேளுங்க. முட்டைன்னா எனக்கு ஆம்லெட்டுதான் தெரியும்."

சுற்றி நின்றவன் எல்லாம் சிரித்தான். ஐஸ்காரனும் சிரித்தான்.

"என் கூண்டுல திருடிப்புட்டு எனக்கே நக்கலா?" என்று கத்தினேன். கத்தத்தான் செய்தேன், இல்லையென்று சொல்லவில்லை. கூட்டம் கூடிவிட்டது.

நாகஜோதி வந்து நடுவில் நின்றாள். "ப்பா, யாரும் எதையும் திருடலை. மறுவீட்டு விருந்துக்கு அறுக்கப் போனீங்களே, அந்தப் புள்ளிப் பெட்டை. அது வழியில வந்ததுதான் இது. அதுக்கு வால் அப்படி இருந்துச்சு, காலு அப்படி இருந்துச்சு. நீங்க புள்ளிய மட்டும்தான் பாத்தீங்க."

"நான் சேவலப் பத்திப் பேசுறேன். நீ கோழியப் பத்திப் பேசாத."

"சேவல் எங்கருந்துப்பா வருது?"

அதற்கும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரரும் சிரித்தார். பெற்ற மகள், நாலு பேர் முன்னால்.

என் பொருளை நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சேவலைத் தூக்கினேன். அது திமிறியது. புதுக் கை என்று மிரண்டுவிட்டது போல. வாலில் பிடி விழுந்துவிட்டது. நீள இறகு இரண்டு கையோடு வந்துவிட்டது. நானா இழுத்தேன்? திமிறியது அது. கயிற்றை அவிழ்க்காமல் வைத்திருந்தது அவர்கள். அவள் கீழே உட்கார்ந்து சேவலை மடியில் வாங்கிக்கொண்டு வாலடியில் ரத்தத்தை முந்தானையால் துடைத்தாள். என்னை நிமிர்ந்து பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை. வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து பேச்சில்லை. அவர்கள் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று இருக்கிறேன். பொங்கலுக்கு வந்தார்கள், நான் மண்டிப் பக்கம் போய்விட்டேன். பேத்திக்குக் காது குத்து என்று வந்து சொன்னார்கள், நான் போகவில்லை. தாய்மாமன் மடியில்தானே உட்காரவைக்கிறார்கள், தாத்தன் எதற்கு? தங்கபாண்டி திருப்பூரிலிருந்து வந்து மடியில் வைத்துக்கொண்டான். பவுன்தாய் போய்விட்டு வந்தாள். அவள் மாசம் ஒரு தடவை போய்விட்டு வருவாள். முட்டை அவள் மூலமாகத்தான் போகிறதோ என்று ஒரு தடவை கிளம்புகிற நேரத்தில் பையை வாங்கிச் சோதித்தேன். உள்ளே நெத்திலிக் கருவாடு இருந்தது.

"ஏன்யா, என் மகளுக்கு முட்டை குடுக்கணும்னா உன்னையக் கேட்டா குடுப்பேன்? கூமுட்டைய யாருக்குக் குடுக்கச் சொல்ற?" என்றாள்.

அந்தக் கூமுட்டைதான் தம்பி விஷயம். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அந்தத் தைக்கு அப்புறம் என் கூண்டில் எதுவும் உருப்படவில்லை. பத்து முட்டை அடை வைத்தால் எட்டு கூமுட்டை. பொரிக்கிற இரண்டில் ஒன்று கால் வளைந்து நிற்கும், ஒன்று மழைக்காலம் தாண்டாது. பக்கத்து வீட்டுக் குருசாமி செல்ஃபோன் கோபுரத்துக்கு இடம் கொடுத்தான், அதிலிருந்துதான் ஆரம்பித்தது. அவனிடமும் பேச்சில்லை. அடை வைக்கிற கோழியை வடக்குப் பார்த்து மாற்றி வைத்தேன். கூண்டுக்கு எலுமிச்சம்பழம் கட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. இப்போது என்னிடம் மிச்சம் ஒரே ஒரு சேவல். அதுவும் கிழம். மிதிக்கிற வயது இந்தக் கார்த்திகை தாண்டுமோ தாண்டாதோ. பெட்டை ஒன்றுகூட இல்லை. அது போய்விட்டால் சவடமுத்து வெள்ளை என்று சொல்ல ஒரு குஞ்சு இருக்காது. மேட்டுக்கடை வெள்ளைதான் இருக்கும்.

வேறு வெள்ளைப் பெட்டை எங்கே இருக்கிறது? விசாரித்துவிட்டேன். சேலத்தில் ஒருத்தன் வைத்திருக்கிறான், அலகு நேராக இருக்கிறது. இந்தச் சாயலில் பெட்டை வேண்டும் என்றால் ஒரே வீட்டில்தான் இருக்கிறது. என் ரத்தம்தானே அது, என் சேவலுக்கு என் ரத்தத்தைத்தான் தேடுகிறேன். ஆனால் நான் போய் அந்த வாசலில் நின்று கேட்பேனா? நீங்களே சொல்லுங்கள். திருட்டுக் கொடுத்தவன் திருடினவனிடம் போய்க் கை நீட்டுவானா?

அதனால் ஆள் விட்டேன்.

முதல் தடவை ஒரு வேடசந்தூர்க்காரர். இதே பஸ்தான், இதே மாதிரி காலிக் கூடை. எனக்கும் ஒரு வெள்ளைப் பெட்டை உங்கள் பெயரில் வாங்கி வாருங்கள் என்று சொல்லிவிட்டு, மேட்டுக்கடை முக்கு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். வந்தார். கூடையைத் திறந்தால் புள்ளிப் பெட்டை. "நான் வெள்ளையைத்தாங்க காட்டினேன். அந்தம்மா அது வேண்டாம், இதுதான் சேரும், இதக் கொண்டுபோங்கன்னு கையில குடுத்துட்டாங்க" என்றார். பாருங்கள், வெளியூர்க்காரன் என்றால் கழித்த கோழியைத் தலையில் கட்டுகிறார்கள். சொல்லியும் அனுப்பியிருக்கிறாள். "முதல் ஈட்டுல புள்ளி விழும், பொறுத்துக்கிடச் சொல்லுங்க. அதுல வர்ற பெட்டைக் குஞ்ச மறுபடி வெள்ளைச் சேவலோட சேத்தா வெள்ளையும் வரும், வாலும் வரும்" என்று. யாரோ ஒரு வேடசந்தூர்க்காரருக்கு இவ்வளவு பாடம்.

அடை வைத்தேன். தம்பி, ஒன்று பாக்கியில்லாமல் அத்தனையும் பொரித்தன. குஞ்சு ஒவ்வொன்றும் கல் மாதிரி. கூண்டே சத்தமாக இருந்தது. நான்கூட இரண்டு நாள் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் இறகு மாறியது. அத்தனையும் புள்ளி. சேவலும் புள்ளி, பெட்டையும் புள்ளி. என் கூண்டில் புள்ளி நிற்கலாமா? அறுத்துவிட்டேன். தாயையும் சேர்த்துத்தான்.

பவுன்தாய் குழம்பை வைத்தாள், தொடவில்லை. "இதோட நடையப் பாத்தா தெரிஞ்ச வீட்டுக் கோழி மாதிரி இருந்துச்சு" என்றாள். சந்தையில் வாங்கினேன் என்று சொன்னேன். "மக ஊட்டிவிடுறத எல்லாம் துப்பிட்டு வயிறு காயுதுன்னா யாரு என்ன செய்ய" என்று சட்டியிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் இப்படித்தான், சம்பந்தம் இல்லாமல் எதையாவது பேசுவாள்.

இரண்டாவது தடவை ஒரு போலீஸ்காரர், லீவில் வந்தவர். போலீஸ்காரரை ஏமாற்ற மாட்டார்கள் என்று நினைத்தேன். அவருக்கும் புள்ளிப் பெட்டைதான். கூடவே ஒரு பிளாஸ்டிக் டப்பா. முறுக்காம். "வழியில சாப்பிடக் குடுத்தாங்க, எனக்கு வேண்டாம், நீங்க வச்சுக்கங்க" என்று என்னிடம் கொடுத்துவிட்டுத் தனக்கு வாங்கின கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் வந்து ஒன்றைக் கடித்தேன். உப்பே இல்லை. எனக்கு ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் உப்பைக் குறைத்துவிட்டார், அதனால் என் நாக்கு செத்துப்போயிருக்கிறதோ என்று பவுன்தாயிடம் ஒன்றைக் கொடுத்தேன். அவளும் தின்று பார்த்தாள். இல்லை, உப்பு இல்லைதான் என்றாள். முறுக்கு என்றால் கடுக்முடுக்கென்று இருக்க வேண்டும், இது பல் இல்லாதவனுக்குச் சுட்டது மாதிரி மெத்தென்று கிடக்கிறது. ஊரான் ஒருத்தனுக்குக் கொடுத்துவிடுகிற பலகாரத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போட இவளுக்கு மனசு வரவில்லை பாருங்கள். கஞ்சத்தனம். காளீஸ்வரன் வீட்டுப் பழக்கம். பவுன்தாய் டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. அவ்வளவு பிடித்திருந்தது போலிருக்கிறது, உப்பில்லாமலே.

அந்தப் பெட்டையா? அதுவும் பொரித்தது, அதுவும் புள்ளி. அதையும் அறுத்துவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேனா என்று கேட்கிறீர்களா? நீங்கள் கேட்கவில்லை. சரி. யாரோ கேட்ட மாதிரி இருந்தது.

இந்தத் தடவை அறுக்க மாட்டேன். புள்ளி விழட்டும், விழாமல் போகட்டும், ஒரு ஈடு நிறுத்திப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அவள் சொன்னதற்காக இல்லை. கறியும் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். சும்மா அறுத்து யார் தின்பது?

மேட்டுக்கடை வந்துவிட்டது, அதோ தெரிகிறது பாருங்கள் வாட்டர் டேங்க், அதற்கு அந்தப் பக்கம்தான் நிறுத்துவான். நானா? நானும் இங்கேதான் டிக்கெட் எடுத்திருக்கிறேன். நான் டீக்கடைக்குள் இருக்கிறேன், உள்பக்கம். தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. நீங்கள் நேராகப் போங்கள். இரண்டாவது சந்து, பச்சைக் கேட். உங்களுக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ளுங்கள். கூட ஒரு பெட்டை. வெள்ளையைக் காட்டாதீர்கள், எப்படியும் அவள் தர மாட்டாள். எது சேருமோ அதைக் கொடுங்கள் என்று கேளுங்கள், அவளே எடுப்பாள். கழுத்தை லேசாகத் தடவிவிட்டுத்தான் எடுப்பாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஏதாவது சொல்லி அனுப்பினால் கவனமாகக் கேட்டுக்கொண்டு வாருங்கள், வார்த்தை மாறாமல். போன தடவை போலீஸ்காரர் பாதியை மறந்துவிட்டார். டப்பா எதுவும் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், மரியாதையாக இருக்காது.

என் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். இரண்டாவது பெட்டை யாருக்கு என்று கேட்டால் உங்களுக்கென்றே சொல்லுங்கள். கேட்க மாட்டாள். இரண்டு தடவையும் கேட்கவில்லையாம். வேடசந்தூர்க்காரரையும் கேட்கவில்லை, போலீஸ்காரரையும் கேட்கவில்லை. வந்த ஆள் ஏற்கெனவே தனக்கென்று கோழி வாங்கியாயிற்று, இன்னொன்று எதற்கு, எங்கே போகிறது, யார் கூண்டில் நிற்கப் போகிறது, ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? நானாக இருந்தால் மூன்று தலைமுறை விசாரித்துவிட்டுத்தான் ஒரு இறகையாவது தொடவிடுவேன். இவள் கூடையைத் திறக்கச் சொல்லி, வைக்கோல் போட்டு, கோழியை வைத்து மூடிக் கொடுத்துவிடுகிறாள். யாருக்கென்று கேட்காமல் கோழியைக் கொடுக்கிறவளுக்கு என்ன தம்பி தெரியும், கோழியைப் பற்றி? இறங்குங்கள், இறங்குங்கள், விசில் அடித்துவிடுவான்.